மடிக்கணினியில் எழுத்து மாறி விழுகிறதா? லினக்ஸ் பாவிப்போர் கடைக்குக் கொண்டு போகுமுன்

வெளிநாட்டு உறவினர்கள் பாவித்துவிட்டு அனுப்பிய மடிக்கணினிகள் எமது வீடுகளில் நிறைய உண்டு. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. புதிய பதிப்பை ஏற்காத பழைய கணினிகளில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற திறந்த மூல இயங்குதளங்களை நிறுவிக்கொள்வோர் பலர். ஒருநாள் அதில் சில விசைகள் பிசகத் தொடங்கும். கடைக்குக் கொண்டு போனால், "போர்மட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தாறன்" என்ற பதில் வருவதுண்டு.

விசைப்பலகைக் கோளாறு எதற்காகவும் கணினியை அழிக்கத் தேவையில்லை. காணி உறுதியின் பிரதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படம், ஆணைக்குழுவிடம் கொடுத்த முறைப்பாடு என வேறெங்கும் இல்லாதவை அந்த வன்தட்டில் இருக்கலாம். முதலில் அவற்றை ஒரு பென்டிரைவிற்குப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சொடுக்கி மட்டும் போதும்.

கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்: தெரியாமல் அமுக்கிய ஏதோ ஒன்று, இயங்குதளத்தின் அமைப்பு, அல்லது விசைப்பலகையே. முதலிரண்டும் செலவில்லாமல் தீரும்.

ஜே, கே, எல் அமுக்கினால் 1, 2, 3 உம் யூ, ஐ, ஓ அமுக்கினால் 4, 5, 6 உம் விழுகின்றனவா? நம் லொக் இயங்கிவிட்டது. தனி எண்பகுதி இல்லாத சிறிய மடிக்கணினிகளில் எழுத்து விசைகளுக்குள்ளேயே எண்கள் ஒளிந்திருக்கும். எப்என் விசையுடன் நம் லொக் விசையைச் சேர்த்து அமுக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும். பழுதென்று நினைத்துப் புதுப் பலகையே மாற்றுமளவுக்கு இது ஆட்களை ஏமாற்றும்.

அடுத்தது, கணினி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது. பிரான்ஸிலிருந்து வந்த பலகையில் ஏ இருக்கும் இடம், எமது கடைகளில் விற்கும் அமெரிக்க அமைப்பில் கியூவின் இடம். டபிள்யூவும் இசட்டும் அதேபோல் இடம் மாறியிருக்கும்; எம் என்ற எழுத்து எல்லுக்கு வலப்பக்கம் போயிருக்கும். ஜெர்மனி, சுவிஸ் பலகைகளில் வையும் இசட்டும் இடம் மாறும். பிரித்தானியப் பலகையில் ஷிப்டுடன் 2 ஐ அமுக்கினால் மேற்கோள் குறி வரும். மின்னஞ்சல் முகவரிக்கு வேண்டிய அட் குறி என்டருக்குப் பக்கத்தில் இருக்கும். நிறுவும்போது அமெரிக்க அமைப்பைத் தெரிவு செய்திருந்தால், விசையில் அச்சடித்திருப்பது ஒன்று, திரையில் விழுவது வேறொன்று. சரியான கடவுச்சொல்லையே "பிழை" என்று கணினி திருப்பி அனுப்புவதற்கும் இது பெரும்பாலும் காரணம்.

உபுண்டுவில் அமைப்புகளுக்குள் விசைப்பலகைப் பகுதிக்குப் போய், உள்ளீட்டு மூலங்கள் என்ற இடத்தில் பலகைக்குரிய நாட்டைச் சேர்த்து மற்றதை நீக்குங்கள். அங்கேயே அந்த அமைப்பின் படத்தையும் பார்க்கலாம். அதை உங்கள் பலகையோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். உள்நுழையும் திரையின் மூலையிலும் மொழிக் குறி இருக்கும், அதையும் கவனியுங்கள்.

தமிழ் தட்டச்சுக்கும் இதே கதைதான். விண்டோஸ் சின்னம் உள்ள விசையோடு ஸ்பேஸ் சேர்ந்து அமுக்குப்பட்டால் உபுண்டுவில் மொழி மாறிவிடும். பட்டியலில் இலங்கைக்குரிய தமிழ் என்று முதலில் கண்ணில் படுவது தமிழ்நெட் 99 அமைப்பு. பாமினியிலோ ரெங்கநாதன் அமைப்பிலோ பழகிய விரலுக்கு அதில் எல்லா விசையும் பிழையாகத் தோன்றும். ரெங்கநாதன் அமைப்பு எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்புடன் வருகிறது. மென்பொருள் களஞ்சியத்திலிருந்து அதை நிறுவிக்கொள்ள வேண்டும்.

விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்து விழுகிறதென்றால், அணுகல் வசதிகளில் மெது விசை என்ற தெரிவு இயங்கியிருக்கலாம். சில அமைப்புகளில் ஷிப்டை 8 வினாடி பிடித்திருந்தாலே அது இயங்கிவிடும். ஷிப்டை ஐந்து தரம் தட்டினால் ஒட்டு விசை இயங்கும். தட்டச்சு உதவி என்ற பகுதியில் இரண்டையும் அணைக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் பலகையையே விசாரிக்க வேண்டும். டெர்மினலைத் திறந்து எக்ஸ், ஈ, வி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். சிறிய வெள்ளைப் பெட்டியொன்று திறக்கும். அதில் சொடுக்கிவிட்டுச் சந்தேகமான விசையை ஒருமுறை அமுக்கி விடுங்கள். டெர்மினலில் அமுக்கியதற்கு ஒரு பதிவும் விட்டதற்கு ஒரு பதிவும், விசையின் இலக்கத்தோடு வரும். இலக்கம் வந்து எழுத்து மட்டும் பிழையாக இருந்தால் பலகை நல்லது, அமைப்பே பிழை. பக்கத்து விசைகளுக்குப் பதிவு வந்து இதற்கு ஒன்றுமே வராவிட்டால் சமிக்ஞை கணினிக்குப் போய்ச் சேரவில்லை. எப்என் விசைக்கு மட்டும் இது பொருந்தாது. பல கணினிகளில் அதற்குப் பதிவு வராது. ஒருமுறை தட்டியதற்கு இரண்டு சோடிப் பதிவுகள் வந்தால் விசையின் தொடுகை தேய்ந்துவிட்டது. கை வைக்காமலே பதிவுகள் ஓடிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு விசை உள்ளே அமுங்கியபடி நிற்கிறது.

இதை உறுதிப்படுத்த, லினக்ஸ் நிறுவப் பாவித்த பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் தெரிவில் தட்டிப் பாருங்கள். அங்கும் அதே விசை பிசகினால் பழுது வன்பொருளில்தான். கடைக்காரரும் இப்படியே சோதிக்கலாம். உங்கள் கடவுச்சொல்லை அவரிடம் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

கணினியை மூடித் திறந்தபின் விசைப்பலகை முழுவதும் செத்துக் கிடந்து, மீளத் தொடக்கினால் உயிர் வருவது வேறு சங்கதி. அது பெரும்பாலும் கர்னலுக்கும் கணினிக்கும் இடையிலான ஒவ்வாமை. மேம்படுத்தல்களைச் செய்து பாருங்கள். மேம்படுத்தலுக்குப் பிறகுதான் வந்ததென்றால், தொடக்கப் பட்டியலின் மேலதிகத் தெரிவுகளில் முந்தைய கர்னலைத் தெரிவு செய்து ஒப்பிடலாம்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து விசைகள் ஒரே நாளில் நின்றுபோவதும் உண்டு. ஒவ்வொரு விசைக்கும் தனி வயர் கிடையாது. வரிசையும் நிரலுமாக வலைபோலத்தான் இணைத்திருப்பார்கள். ஓர் இழை அறுந்தால் அதிலுள்ள விசைகள் எல்லாம் போகும். பலகையிலிருந்து உள்ளே போகும் ரிபன் வயர் தளர்ந்திருந்தாலும் இப்படி நடக்கும். அதைக் கழற்றிச் செருகுவது சிறிய வேலை, கடையில் முதலில் அதைக் கேளுங்கள்.

பலகையின் நடுப்பகுதி மேலெழும்பியிருந்தாலோ, தொடுபலகை தூக்கி நின்றாலோ உடனே நிறுத்துங்கள். உள்ளே பற்றரி வீங்கியிருக்கலாம். அமுக்கி மட்டப்படுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜரையும் போட வேண்டாம்.

தேநீர் ஊற்றுப்பட்டால் சார்ஜரைப் பிடுங்கி, கணினியை உடனே நிறுத்தி, திறந்தபடி கவிழ்த்து வையுங்கள். கடும் வெயிலில் காய வைக்காதீர்கள். சீனி போட்ட தேநீர் காய்ந்தபின்னும் பிசுபிசுக்கும். எறும்பும் தேடி வரும்.

பலகை மாற்றப் பணம் சேரும்வரை வேலை நிற்க வேண்டியதில்லை. கடவுச்சொல்லில் உள்ள எழுத்தே செத்துவிட்டால், உள்நுழையும் திரையிலுள்ள அணுகல் குறியைச் சொடுக்கித் திரை விசைப்பலகையைத் திறக்கலாம். கொன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் சேர்த்து அமுக்கி விட்டு 61 என்று தட்டி ஸ்பேஸ் கொடுத்தால் பெரும்பாலான செயலிகளில் சிறிய ஏ விழும். ஏ முதல் ஐ வரை 61 இலிருந்து 69. பீ முதல் வை வரை 70 இலிருந்து 79. இரட்டையாக விழும் எழுத்துக்கு, தட்டச்சு உதவியிலுள்ள துள்ளல் விசை என்ற தெரிவை இயக்கினால் அடுத்தடுத்து வேகமாக வரும் இரண்டாவது தட்டு தள்ளப்படும். இன்புட் ரீமப்பர் என்ற இலவச மென்பொருள், செத்த விசையின் வேலையை நீங்கள் தொடாத ஒரு விசைக்கு மாற்றித் தரும். தானாக ஓடும் விசையை முடக்கியும் வைக்கும்.

யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைச் செருகிக்கொள்வதே எல்லாவற்றிலும் மலிவான வழி. உள்ளே இருப்பதையே மாற்றுவதானால், கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். சில மாதிரிகளில் பலகை மேல் மூடியோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருக்கும், கூலி கூடும். விலையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பழைய பலகை பிரெஞ்சாக இருந்து புதியது அமெரிக்க அமைப்பாக வந்தால், வீட்டுக்கு வந்ததும் உள்ளீட்டு மூலத்தையும் மாற்ற வேண்டும்.