செஞ்சி: குறுகிய வாயிலும் அகலும் சாலையும்

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள செஞ்சி, கோட்டையால் புகழ்பெற்ற ஊர் என்றே பொதுவாக அறியப்படுகிறது. எனினும் அக்கோட்டையின் வரலாறு அதன் வழியே சென்ற பாதையின் வரலாற்றோடு பிரிக்க முடியாதபடி பின்னியுள்ளது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று பாறைக்குன்றுகளையும் பெருமதில்கள் இணைப்பதால் முக்கோண வடிவம் பெற்ற இக்கோட்டையின் உட்பரப்பினூடாகவே திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை இன்றும் செல்கிறது. இங்குக் குறிப்பிடப்படும் கிருஷ்ணகிரி, ராணிக்கோட்டை எனப்படும் குன்றேயன்றி, அந்நெடுஞ்சாலை சென்று முடியும் அதே பெயருடைய நகரம் அன்று. வழியைக் குறுக்கிக் காவல் செய்வதற்கென்றே எழுப்பப்பட்ட மதில்களின் நடுவே வழியை அகலமாக்க வேண்டிய தேவை எழுந்திருப்பதே செஞ்சியின் தனிச்சிக்கலாகும்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக்கோன் முதலான கோன் மரபினர் இக்குன்றுகளில் அரண் அமைத்தனர் என்பது மரபுவழிச் செய்தி. அவ்வரண் பின்னர் விஜயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர்களால் பெருங்கோட்டையாக விரிந்தது. கீழ்க்கோட்டையின் மதில் சில இடங்களில் ஏறத்தாழ 60 அடி கனமும், அதன் வெளிப்புறத்து அகழி ஏறத்தாழ 80 அடி அகலமும் கொண்டவை. மதிலில் அமைந்த வாயில்களில் ஒன்று வேலூர் வாயில் என்றும் மற்றொன்று புதுச்சேரி வாயில் என்றும் வழங்குவது, அவற்றினூடே சென்ற பாதைகளின் திசையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தியக் கோட்டைகளின் வாயில்வழிகள், மதிலிலிருந்து முன்துருத்தி நிற்கும் காவல்மேடைகளாகிய கொத்தளங்களுக்கு இடையே வளைந்து செல்லுமாறு அமைக்கப்படுவது மரபு. யானையோ குதிரைப்படையோ ஒரே பாய்ச்சலில் கதவை மோதாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ராஜகிரியின் உச்சிக்கருகே இந்தக் கொள்கை அதன் எல்லையைத் தொடுகிறது. ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பிளவை அங்கே ஒரு மரப்பாலத்தால் மட்டுமே கடக்க இயன்றதால், பாலத்தை எடுத்துவிட்டால் வழியே இல்லாமற்போகும்.

இவ்வாறு வழியை நெருக்கிய கோட்டை, அந்த வழியாலேயே செழித்தது. 1597இல் இங்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமெண்டா, தாம் இந்தியாவில் கண்ட நகரங்களில் செஞ்சியே மிகப்பெரிது என்றும், போர்த்துக்கலில் லிஸ்பனைத் தவிர இதற்கு ஈடில்லை என்றும் எழுதினார். கடற்கரையில் வணிகத்தலங்களை நாடிய ஐரோப்பியர் உரிமை கேட்டு வரவேண்டிய இடமாகவும் செஞ்சியே இருந்தது. இங்கிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து 1690இல் ஆங்கிலேயர் வாங்கிய தேவனாம்பட்டினம், பின்னர் புனித டேவிட் கோட்டையாயிற்று. அக்காலத்தில் முகலாயத் தளபதி சுல்பிகர்கான் நடத்திய நீண்ட முற்றுகையும் வழியின் வலிமையையே மெய்ப்பித்தது. 1692ஆம் ஆண்டின் இறுதியில் மராட்டியக் குதிரைப்படை தானியம் வரும் பாதைகளை அறுத்துவிட்டதால், கோட்டையைச் சூழ்ந்திருந்த படையே உணவின்றித் தவித்து, மறுஆண்டுத் தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கோட்டை 1698இல்தான் முகலாயர் வசமாயிற்று.

18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காடு ஆட்சித் தலைமையிடமானபோது செஞ்சியின் முதன்மை குறைந்தது. 1750 செப்டம்பரில் ஒரே இரவில் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர், புதுச்சேரி 1761 ஜனவரியில் வீழ்ந்து, அதே ஆண்டு ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயரிடம் சரணடையும் வரை அதனை வைத்திருந்தனர். கீழ்க்கோட்டையில் உள்ள வேங்கடரமணர் கோயிலின் வேலைப்பாடமைந்த கல்தூண்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்குக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்பவை செஞ்சித் தூண்களே. ஒரு காலத்தில் செஞ்சிக்குச் செல்வம் கொண்டுவந்த வழிகள் அதன் செல்வத்தை வெளியே எடுத்துச்செல்லவும் உதவின.

போர்கள் ஓய்ந்தபின் வழியின் பொருள் மாறியது. சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் சாலைகளுக்கென்று நிலத்தின்மேல் தனித்தீர்வை விதிக்க வழிசெய்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மாவட்ட வாரியங்கள் சாலைகளையும் அவற்றின் ஓரத்து மரங்களையும் பேணின. 1946இல் தனி நெடுஞ்சாலைத் துறை உருவாயிற்று. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் பாதை பின்னர் தேசிய நெடுஞ்சாலை 66 என்னும் எண் பெற்றது; 2010இல் எண்கள் மாற்றியமைக்கப்பட்டபோது திண்டிவனம்–கிருஷ்ணகிரிப் பகுதி 77 ஆயிற்று.

இன்று இச்சாலை சுமக்கும் பாரம் மூவகைப்பட்டது. கடற்கரைப் பகுதிக்கும் கிருஷ்ணகிரி, பெங்களூர் ஆகியவற்றுக்கும் இடையே ஓடும் சரக்கு லாரிகள் முதல்வகை. சுற்றுவட்டார உழவர் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல்மூட்டை ஏற்றிவரும் வண்டிகள் இரண்டாம் வகை. வழிபாட்டுக்குச் செல்வோர் மூன்றாம் வகை. பௌர்ணமியில் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்கும், அமாவாசையில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும் மக்கள் திரள்வதால், நிலவு நிறைந்தாலும் மறைந்தாலும் செஞ்சிக் கூட்டுரோட்டில், அதாவது சாலைகள் வந்து கூடும் முனையில், நெரிசல் தவறுவதில்லை. இவ்வூருக்கு இன்னும் ரயில் வராததால் இம்மூன்றையும் சாலை ஒன்றே தாங்குகிறது. 2010களின் தொடக்கத்தில், இருபுறமும் கெட்டித்த தார் ஓரங்களுடன் இருவழிச்சாலையாக இதனை அகலப்படுத்தும் பணி தொடங்கிப் பாதியில் நின்றபோது, தோண்டிய பள்ளங்களுக்கும் முடியாத சிறுபாலங்களுக்கும் நடுவே பயணிகள் பல ஆண்டுகள் துன்புற்றனர். ஆகவே அகலமான சாலை வேண்டும் என்னும் மக்கள் கோரிக்கை முற்றிலும் நியாயமானது.

ஆனால் அந்த அகலம் எங்கே தேடப்பட வேண்டும் என்பதற்கு வரலாறு விடை தருகிறது. செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக்கட்டுமானத்தைத் தடுத்து, அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்துகிறது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலவமைப்புகள் என்னும் தொகுதியின் 12 கோட்டைகளுள் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும், யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. நெல்மூட்டை ஏற்றிய வண்டிக்கு ஊருக்குள் வேலை உண்டு. ஊரில் நிற்காமல் கடந்துசெல்லும் லாரிக்கு மதிலுக்குள் வேலை இல்லை. கடந்துசெல்வோருக்குக் கோட்டையை விட்டு விலகிய புறவழியில் அகலம் தருவதும், மதிலுக்குட்பட்ட சாலையை இன்றுள்ள அளவோடு நிறுத்துவதுமே இரு தேவைகளுக்கும் பொருந்தும். புதுச்சேரிக்குப் போன தூண்களாவது கடற்கரையில் நின்று தம் ஊரின் பெயரைச் சொல்கின்றன. சாலைக்காக இடிக்கப்படும் மதிலின் கல்லோ ஜல்லியாக உடைந்து அந்தச் சாலைக்கடியிலேயே மறைந்துபோகும்.