சிறுபீளையும் சிறுநீரகமும் - ஒரு சின்ன வரலாறு

போன பொங்கலுக்கு ஆவடி மார்க்கெட்டில் மாவிலையோடு ஒரு கட்டு சிறுபீளையும் வாங்கி வந்தோம். அதைப் பார்த்ததும் பட்டாபிராமில் இருந்து வந்திருந்த என் பெரியப்பா கேட்டார். "இதைக் கஷாயம் வெச்சுக் குடிச்சா கிட்னி சரியாயிடுமாமேடா. மாத்திரையை நிறுத்திடலாமா?"

அவருக்குப் பல வருடமாக சர்க்கரை. கிரியாட்டினின் ஏறிக்கொண்டே வருகிறது. நான் படிப்பதோ பி.காம். பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன் நண்பர்களே.

சிறுபீளை, நெருஞ்சில், மூக்கிரட்டை இந்த மூன்றும் சித்த மருத்துவத்தில் பழைய பெயர்கள். நீர்க்கட்டு, கல்லடைப்பு, உடல் வீக்கம் இவற்றுக்குக் கொடுத்தார்கள். மூக்கிரட்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் காலி மனைகளில் தரையோடு படர்ந்து கிடக்கும். ஆயுர்வேதத்தில் இதற்குப் புனர்நவா என்று பெயர். மறுபடி புதிதாவது என்று பொருள். இதன் தாவரவியல் பெயரான போர்ஹாவியா, டச்சு மருத்துவர் ஹெர்மன் போர்ஹாவே (1668-1738) நினைவாக வைக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கால வைத்தியருக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. அவர் கண்ணால் பார்த்தது வீக்கம் வடிந்ததா, நீர் பிரிந்ததா என்பதைத்தான். "நீரைப் பிரிய வைக்கும்" என்பது அவர் சொன்னது. "சிறுநீரகத்தைக் காக்கும்" என்பது நாம் பிறகு சேர்த்துக்கொண்டது. இரண்டும் ஒன்றல்ல.

இந்த மருத்துவத்தை என்ன செய்வது என்று ஆராய 1921-ல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதைத் தொடர்ந்து 1925-ல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றும் அங்கே பாடமாயின. 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது.

"காக்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்குப் புற்றுநோய் மருந்தின் கதைக்குப் போக வேண்டும். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோயை நன்றாகக் கட்டுப்படுத்தியது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்தது. நரம்பு வழியாக நிறைய உப்பு நீர் ஏற்றித்தான் அதைக் கொடுக்கவே முடிந்தது. ஆய்வாளர்களுக்கு இதில் ஒரு வழி கிடைத்தது. எலிக்கு சிஸ்பிளாட்டின் கொடு, சிறுநீரகம் கெடும். கூடவே ஒரு மூலிகைச் சாறு கொடு, பாதிப்பு குறைகிறதா பார். இப்படி எத்தனையோ செடிகள் சோதிக்கப்பட்டன. 2004-ல் மணிபால் ஆய்வாளர்கள் சிறுபீளையைச் சோதித்து வெளியிட்டார்கள். சாறு கொடுத்த எலிகளின் ரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும் குறைவாக இருந்தன.

நல்ல செய்திதான். ஆனால் அது எத்தனாலில் எடுத்த சாறு, வீட்டுக் கஷாயம் அல்ல. மருந்தால் திடீரென்று கெட்ட எலிச் சிறுநீரகம் அது. பல வருட சர்க்கரையால் மெல்ல மெல்லக் கெட்ட மனிதச் சிறுநீரகம் வேறு. மூக்கிரட்டையில் பொட்டாசியம் உப்புகள் வேறு இருக்கின்றன. சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் இதயமே நின்று போகலாம்.

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்பவர்களுக்கு பெல்ஜியம் கதை. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க சீன மூலிகை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்தது. 1993-ல் மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். பெயர்க் குழப்பத்தில் ஒரு செடிக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான், அதே நச்சு அமிலம் அதிலும் உண்டு.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்து யாரும் லாபம் சொல்வதில்லை. பற்றுப் பக்கமும் வேண்டும். மூலிகைக்கு நாம் வரவை மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறோம். மனிதர்களிடம் முறையாகச் சோதித்து, யாருக்கு எவ்வளவு, யாருக்குக் கூடாது என்று எழுதினால்தான் கணக்கு முடியும். அதுதான் சித்த மருத்துவத்துக்கும் மரியாதை.

பெரியப்பாவிடம் சொன்னேன். "மாத்திரையை நிறுத்தாதீங்க பெரியப்பா. கஷாயம் குடிக்கணும்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு அப்புறம் பாக்கலாம்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு நீயும் கூட வா" என்றார்.

போய் வந்தோம். மாத்திரை தொடர்கிறது. சிறுபீளை வாசலில் காய்ந்து தொங்குகிறது.