இலங்கையில் டெங்கு: ஒரு வரலாற்றுப் புதிர்

ஒருமுறை வந்து நீங்கிய நோய் மறுமுறை அணுகாது என்பது அம்மையைக் கண்டறிந்த நம் முன்னோரின் அனுபவம். டெங்கு இவ்வனுபவத்துள் அடங்குவதன்று. அதன் வைரசு நான்கு வகைப்படும். ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவர் அவ்வகைக்கே நெடுங்கால நிர்ப்பீடனம் பெறுவர்; பிறிதொரு வகை தொற்றுமிடத்து முன்னையினும் கடுமையாக நோயுறலும் கூடும்.

1953, 1954ஆம் ஆண்டுகளில் மணிலாச் சிறுவரிடையே குருதிப்பெருக்குக் காய்ச்சல் தோன்றியது. அதன் காரணம் டெங்கு வைரசே எனப் பின்னர் தெளிவாயிற்று. 1960களில் பாங்கொக்கில் ஆய்ந்த ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க மருத்துவர், கடும் நோயுற்ற சிறுவருட் பெரும்பாலோர் இரண்டாம் முறை தொற்றுற்றோர் எனக் கண்டார். ஆயின், ஒரு வயது நிரம்பாத குழவிகள் முதல் தொற்றிலேயே அந்நிலை எய்தினர். அன்னையர் கருவிலேயே அளித்த பிறபொருளெதிரிகள் அக்குழவிகளின் குருதியில் இருந்தன! மற்றெல்லாச் சான்றினும் இதுவே வலியதென்பது எம் கருத்து.

பழைய பிறபொருளெதிரி புதிய வகை வைரசைப் பற்றுகின்றது. செயலிழக்கச் செய்யும் வலிமையோ அதற்கில்லை. பற்றிய நிலையில், வைரசு பெருகுதற்கு உகந்த வெண்குழியங்களுள் அதனை எளிதிற் புகவும் விடுகின்றது. வேலியே பயிரை மேய்தல் இதுவன்றோ? 1977இல் ஹால்ஸ்டெட்டும் துணைவரும் இதனை ஆய்வுகூடத்தில் காட்டினர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் டெங்கு 1962இல் குருதிச் சோதனையால் உறுதியாயிற்று. 1980களில் கொழும்பில் நான்கு வகைகளும் உலவின; இரண்டாந் தொற்றுகளும் நிகழ்ந்தன. மேற்கூறிய கொள்கைப்படி கடும் நோய் மலிந்திருத்தல் வேண்டும். மலியவில்லை. 1989இலேயே அது கொள்ளைநோயாயிற்று. வைரசுகளைப் பின்னர் ஒப்புநோக்கிய ஆய்வாளர், மூன்றாம் வகையின் புதியதொரு கிளை அக்காலத்தே தோன்றியமையைக் கண்டனர். ஆகவே பிறபொருளெதிரி ஒன்றே முழுக் காரணமாகாது. வந்து சேரும் வைரசின் இயல்பும் உடன் சேர்தல் வேண்டும். இக்கொள்கையை ஓதுவோர் பலர் இதனைக் கூறாது விடுவது வியப்பே.

2009 முதல் முதலாம் வகையே மிகுந்திருந்த நாட்டில், 2016இல் இரண்டாம் வகை மேலோங்கியது. மறு ஆண்டில் 186,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கிழக்கே கிண்ணியா 2017 மார்ச்சிற் பெரிதும் துன்புற்றது. ஆலையடிவேம்பிலோ கல்முனையிலோ காய்ச்சலுறும் பிள்ளைக்கு அஃது எத்தனையாவது தொற்றென்பதைத் தாய் பெரும்பாலும் அறியாள். முதல் தொற்று குறியேதுமின்றிக் கழிவதே மிகுதி. காய்ச்சல் தணிந்ததென அவள் ஆறுதல் கொள்ளும் வேளையிலேயே குருதிநீர் கசியத் தொடங்குதலும் உண்டு.