வாவிக்கரையின் இளவேனில்

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று வகுத்தனர் பண்டைத் தமிழர். அக்காலத்துக்கு இலங்கையின் கீழ்கரையிலே இரு முகங்கள் உண்டு. ஐப்பசி தொட்டுத் தை வரையில் வாடைக்காற்றோடு வந்து பெய்யும் மாரி மழையை நம்பியே மட்டக்களப்பு நாட்டின் பெரும்போகம் விளைந்தது. மாசியிலும் பங்குனியிலும் வேளாண்மை வெட்டி, சூடு வைத்து, மாடுகளை வளைத்து மிதிப்பித்து, பொலியைத் தூற்றி வீடு சேர்த்து முடிக்கையில் சித்திரை பிறந்துவிடும். அப்போது பட்டறையிலே நெல் நிறைந்திருக்கும். உழவனின் கைக்கு ஓய்வு கிடைத்திருக்கும். ஆயினும் வானம் வெளிறியிருக்கும். கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழே இறங்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அனல் அள்ளி வீசத் தொடங்கும். அம்மை நோய் ஊருக்குள் நுழைவதும் பெரும்பாலும் இந்த வெயிலோடுதான். செல்வமும் அச்சமும் ஒரே திங்களில் ஒரே வாசலுக்கு வந்து நின்ற காலம் அது. மட்டக்களப்பு மக்கள் தம் ஆண்டின் மிகப் பெரிய களிப்பை இந்தக் காலத்திலே வைத்துக்கொண்டது தற்செயலன்று.

மட்டக்களப்பு வாவி கடலோரத்தை ஒட்டியே வடக்குத் தெற்காக முப்பது மைலுக்கு மேல் நீண்டு கிடக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் நிலம் எழுவான்கரை. அங்கே தென்னையும், மரமுந்திரிகையும், மீன்பிடியும் மிகுதி. வாவிக்கு மேற்கே, ஞாயிறு சாயும் பக்கத்தில் உள்ளது படுவான்கரை. அது வயலும் குளமும் காடும் மாட்டுப்பட்டியும் நிறைந்த நாடு. ஒரு கரையில் இல்லாதது மறு கரையில் இருந்தது. நெல்லும் எருமைத் தயிரும் தேனும் கிழக்கே வந்தன. தேங்காயும் கருவாடும் மருதமுனை நெசவுத் துணியும் மேற்கே போயின. மண்முனைத் துறையிலும் அம்பிளாந்துறையிலும் தோணிகள் ஓயாது ஓடின. பொருள் போன வழியாகவே பெண் கொடுக்கல் வாங்கலும் போயிற்று. எழுவான்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஊர் விட்டு ஊராக மாறி மாறிக் குடியிருந்தமையால், ஒருவர் வயலின் விளைவு மற்றவர் அடுக்களைக்குப் போவது அன்றாடச் செய்தியாக இருந்தது.

இந்நாட்டிலே ‘அயல்’ என்ற சொல்லுக்கு ஆழமான பொருள் உண்டு. வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகப் போகும். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே ஒரு தெருவிலே அடுத்தடுத்த வேலிக்குள் இருப்போர் பெரும்பாலும் அக்கா தங்கையரும் அவர்தம் பெண்மக்களுமே ஆவர். ‘குடி’ என்னும் கால்வழி தாயின் வழியே எண்ணப்பட்டது. தமிழரைப் போலவே இப்பகுதி முஸ்லிம்களிடத்தும் அவ்வழக்கம் உண்டு. தாய்வழி உரிமையை விரித்துரைக்கும் முக்குவர் சட்டம் பற்றிக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் நூல் வெளியிட்டார். அச்சட்டம் நீதிமன்றத்திலே செல்வாக்கிழந்த பின்னரும், பெண்ணுக்கு வீடு என்ற வழக்கம் அசையாமல் நின்றது. இதன் பயனாக வேலி என்பது பெயருக்குத்தான் இருந்தது. பெண்கள் கடப்பைத் தாண்டாமலே, வேலியில் விட்ட பொட்டு வழியாக அடுத்த வளவுக்குப் போய் வந்தனர். ஒரு வீட்டில் அவித்த பிட்டு மூன்று வீட்டில் பரிமாறப்பட்டது.

சித்திரை வருடப்பிறப்பு இந்த அயலுறவின் முதல் விழா. மருத்துநீர் வைத்து முழுகுவதும், பெரியோர் கையால் கைவிசேடம் பெறுவதும் ஈழத்தின் ஏனைய பகுதிகளிலும் உள்ளனவே. இங்கு சிறப்பாகச் சொல்ல வேண்டியது ஊஞ்சல். பருத்த மரக்கிளையிலே வடம் கட்டிப் பலகை போட்டு, குமரிகளும் கிழவிகளும் வயது பாராது ஏறி ஆடினர். அதற்கென்றே பாட்டுகள் இருந்தன. ஆடவர் போர்த்தேங்காய் அடித்தனர். ஓடு தடித்த தேங்காய்களை நாடித் தேடிச் சேர்த்து வைத்து, ஒருவன் காயோடு மற்றவன் காயை மோதுவித்து, உடையாத காய்க்கு உரியவன் வென்றான் என்பது விளையாட்டு. அறுவடைக்குப் பிந்திய மாதங்கள் கூத்துக்கும் உரியவை. மாதக்கணக்கிலே அண்ணாவியார் பழக்கிய வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ வட்டக்களரியிலே இரவு முழுதும் ஆடப்பட்டு, விடிந்த பின்னரே முடிவுறும். பகலிலே மண்வெட்டி பிடித்தவன் இரவிலே தருமனாகவும் கர்ணனாகவும் நின்றான். கூத்து அரங்கேறிய பின் வீடு வீடாகச் சென்று ஆடும் வழக்கமும் இருந்தது.

இவை யாவற்றுக்கும் மேலாக நின்றது கொம்பு விளையாட்டு. கொம்புமுறி என்றும் இதனைச் சொல்வர். பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலிலே இவ்வழக்கங்கள் விரிவாகப் பதிவாகியுள்ளன. கோவலனும் கண்ணகியும் ஒருநாள் பூக்கொய்யப் போனார்களாம். எட்டாத கிளையை வளைக்க இருவரும் நீட்டிய கொக்கைத் தடிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன, இருவரும் இழுத்தனர். அந்த இளமை விளையாட்டை நினைந்து ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரியார் கோவலன் கட்சி. தென்சேரியார் கண்ணகி கட்சி. காட்டிலே தேடி எடுத்த, வைரம் பாய்ந்த வளைந்த கொம்பு இரண்டை ஒன்றோடொன்று கோத்து, இருபுறமும் வடம் பூட்டி, இரு சேரியாரும் திரண்டு இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். வென்றவர் ஆரவாரித்து ஆடுவதோடு நில்லார். தோற்றவரை வசை பாடுவர். அவ்வசை காதிலே கேட்கத் தக்கதாக எப்போதும் இராது.

இங்கே கவனிக்கத் தக்க நுட்பம் ஒன்றுண்டு. சேரி என்பது அன்றன்று விரும்பிச் சேரும் கட்சியன்று. பிறப்பிலே வந்த உரிமை. பெண்வீட்டுக்கு வாழ வந்த ஆண்மகன் தன் சேரியைக் கைவிட்டு வருவதில்லை. ஆகவே ஒரே தெருவில் மட்டுமன்றி ஒரே கூரையின் கீழும் கணவன் ஒரு சேரியும் மனைவி மறு சேரியுமாக இருந்தனர். கொம்பு முறிந்த இரவிலே சில வீடுகளில் அடுப்பு மூட்டப்படவில்லை என்று சொன்னால் நம்பலாம். ஆண்டு முழுதும் நீர்ப்பங்கு, எல்லை வேலி, சீதனக் காணி என்று மனத்திலே தேங்கிக் கிடந்த மனத்தாங்கல்களை வெளியே கொட்டுவதற்கு ஊரே ஒத்துக்கொண்டு ஒரு நாளும் ஒரு களமும் ஒதுக்கிற்று. வசை பாடப்பட்டவன் மறுநாள் வழக்குக்குப் போக முடியாது. அது அம்மன் பேரால் பாடப்பட்ட வசை. எல்லை கடந்து மெய்யான சண்டையாக மாறிய இடங்களும் இருந்திருக்கக்கூடும். நெருப்போடு விளையாடுவோர் சில வேளை சுட்டுக்கொள்வர். ஆயினும் பகையை அடக்கி வைத்துப் புழுங்குவதை விட, பகையை விளையாடிக் கழிப்பது அறிவுடைமை என்று அம்மக்கள் கண்டிருந்தனர் என்பதில் ஐயமில்லை.

விளையாட்டுக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. மழை பொய்த்த ஆண்டிலும் நோய் பரவிய ஆண்டிலும் கொம்பு முறித்தால் அம்மன் மனங்குளிர்வாள் என்பது நம்பிக்கை. சிங்கள மக்களிடத்தே ‘அங்கெலிய’ என்ற பெயரில் இதே விளையாட்டு உண்டு. அங்கே கண்ணகி பத்தினித் தெய்வம் ஆகின்றாள். மேற்கட்சி பாலங்கனுக்கும் கீழ்க்கட்சி பத்தினிக்கும் உரியவை. பாலங்கன் என்பவன் கோவலனே. பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் பெருநூல் எழுதிய கணநாத் ஒபயசேகர இவ்விளையாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன் வந்திருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இரு மக்கள் ஒரே பெண்ணின் துயரை நினைத்து ஒரே விதமாகக் கொம்பு கோத்து இழுத்தனர் என்பது இலங்கை வரலாற்றிலே இன்னும் போதிய அளவு பேசப்படாத செய்தி.

வைகாசி பிறந்ததும் கண்ணகி கோயில்களின் கதவு திறக்கும். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், மகிழூர், முதலைக்குடா, வந்தாறுமூலை என்று வாவியின் இருகரையிலும் இக்கோயில்கள் பரவியுள்ளன. அவற்றுட் பலவற்றிலே ஆண்டு முழுதும் நாட்பூசை இராது. வைகாசிச் சடங்குக்கே கதவு திறக்கப்படும். கலியாணக்கால் நட்டு, கண்ணகி வழக்குரையை இரவிரவாக ஏட்டிலிருந்து இராகத்தோடு படிப்பர். சிலப்பதிகாரத்திலே கோவலன் கண்ணகியை விட்டு முற்றப் பிரிந்து மாதவியோடு களித்த காலத்தின் உச்சம், சித்திரையிலே பூம்புகாரில் நடந்த இந்திர விழா. வாவிக்கரையாரோ அதே இளவேனிலில் கண்ணகிக்கு மீண்டும் கலியாணக்கால் நட்டனர். மதுரையை எரித்துச் சினம் ஆறாது நின்றவளை ஆய்ச்சியர் தயிரும் வெண்ணெயும் கொண்டு குளிர்வித்தனர் என்பது இப்பகுதி மரபு. இறுதி நாளில் நிகழும் திருக்குளிர்த்தியின் கருத்தும் அதுவே. குளிர்த்திப் பாடல் பாடி, வேப்பிலையால் குளிர்ந்த நீரைத் தெளிக்கையில், கூடியிருந்தோர் ஒவ்வொருவரும் ஒரு துளியேனும் மேலில் படவேண்டும் என்று முந்துவர். முன்னாளிலே நோய் என்றால் ஒவ்வொரு வீடும் கடப்பை அடைத்துக்கொண்டு ஒதுங்குவதே இயல்பாக இருந்திருக்கும். அச்சத்தின் உச்சியில் ஊரை ஓரிடத்திலே கூட்டிற்று இச்சடங்கு. மருத்துவர் இதனை மெச்சமாட்டார்தான்.

இக்களிப்பிலே எல்லாரும் சமமாகப் பங்கு கொண்டனர் என்று எழுதிவிடுவது வரலாறாகாது. போடியாருக்கு முன்னிருக்கை இருந்தது. முல்லைக்காரனும் கூலியாளும் பின்னே நின்றனர். பறைமேளம் இன்றிச் சடங்கு தொடங்காது. மேளம் முழக்கியவரோ கோயில் வெளிவீதிக்கு அப்பால் நிறுத்தப்பட்டார். எந்தக் குடிக்கு எந்த வரிசை என்பதிலே மூண்ட பூசல்கள் பல ஊர்களிலே கோயிலையே பூட்ட வைத்தன.

இருபதாம் நூற்றாண்டு இவ்வாழ்க்கையை மெல்ல மாற்றிற்று. 1924இல் கல்லடிப் பாலம் கட்டப்பட்டது. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை எட்டியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின், தெற்கே பல வட்டைகளிலே கோடையிலும் நீர் வந்தது. சித்திரை ஓய்வு மாதமாக இருந்த நிலை அங்கு மாறிற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தமையால் காரைதீவும் தம்பிலுவிலும் அதன்பாற் போயின. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நன்மைகளே இவை, யாரும் பெரியம்மையைத் திரும்ப வேண்டார். ஆனால் மழைக்கும் நோய்க்கும் அஞ்சி ஊர் கூடி இழுத்த வடத்தை, அச்சம் நீங்கிய பின் இழுப்பவர் அருகினர். 1978 கார்த்திகையிலே வீசிய சூறாவளி ஊஞ்சல் கட்டிய பெருமரங்களைச் சாய்த்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர், இரவிலே கூடும் எதனையும் அரிதாக்கிற்று. 1990இலே தமிழர் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் நிகழ்ந்த கொலைகள் அயல் என்ற சொல்லையே புண்ணாக்கின. 2004 ஆழிப்பேரலை எழுவான்கரையில் பல தெருக்களை ஆளின்றிச் செய்தது. இத்தனைக்கும் பின் கொம்பு விளையாட்டு ஓரிரு ஊர்களிலே அண்மைக் காலத்தில் மீண்டும் நடத்தப்பட்டிருக்கின்றது. சேரி இன்னதென்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிந்த முதியோர் அருகிவரும் வேளையில் அது நடக்கின்றது.

கோயில்களின் நிலை வேறு. வைகாசித் திருக்குளிர்த்தி இன்றும் குறைவின்றி நடைபெறுகின்றது. வெளிநாடுகளுக்குப் போனோர்கூட அந்த நாளைக் கணித்து விடுமுறை எடுத்து வருகின்றனர். காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலிலே, நிலாக்கால இரவுகளில் வாவியின் நீரடியிலிருந்து கேட்கும் இன்னொலியை நீரர மகளிரின் இசையாக எண்ணிப் பாடினார். மீன் பாடுவதாக ஊரார் சொல்லும் அந்த ஒலி சித்திரைக்குப் பிந்திய அமைதியான மாதங்களிலேதான் தெளிவாகக் கேட்கும் என்பர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின், படுவான்கரைக்குச் சடங்கு பார்க்கப் போவோர் தோணிக்காகக் காத்து நிற்பதில்லை. குளிர்த்தி நீர் மேலில் பட்ட ஈரத்தோடு, விடியுமுன் பாலத்தின் வழியே வீடு திரும்பிவிடுகின்றனர்.