காலியாகத் திரும்பாத கப்பல்கள் – நியூ ராஸ் நகரத்தின் கதை

அயர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் வெக்ஸ்ஃபோர்டு என்ற மாவட்டம் இருக்கிறது. அதன் மேற்கு எல்லையில், பாரோ நதியின் கரையில் நியூ ராஸ் என்று ஒரு சிறிய ஊர். கடலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் இது ஒரு துறைமுகம்! கடல்நீர் ஏறும்போது நதியின் மட்டமும் சேர்ந்து ஏறுவதால் பெரிய கப்பல்கள்கூட ஊர் வரைக்கும் வந்துவிடும்.

இந்த ஊருக்குச் சுற்றுலா செல்பவர்கள் முதலில் பார்ப்பது நதிக்கரையில் கட்டிவைக்கப்பட்டிருக்கும் ஒரு பாய்மரக் கப்பலைத்தான். மூன்று பாய்மரங்கள் கொண்ட அந்தக் கப்பலின் பெயர் டன்பிராடி. அது பழைய கப்பல் அல்ல, 2001ல் தண்ணீரில் இறக்கப்பட்ட நகல். அசல் டன்பிராடி 1845ல் கனடாவின் கியூபெக்கில் கட்டப்பட்டது. நியூ ராஸைச் சேர்ந்த கிரேவ்ஸ் என்ற வணிகக் குடும்பத்துக்குச் சொந்தமானது.

மரம் ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட கப்பல் அது. ஆனால் இன்று எல்லோரும் அதை நினைவில் வைத்திருப்பது அது ஏற்றிச் சென்ற மனிதர்களுக்காக. மரக் கப்பலில் மனிதர்கள் எப்படி ஏறினார்கள்? அதைப் புரிந்துகொள்ள இந்த ஊர் எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு பாலம், ஒரு ஊர்

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்மன்கள் அயர்லாந்தில் காலூன்றியிருந்தார்கள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற வீரரான வில்லியம் மார்ஷல் 1189ல் இஸபெல் டி கிளேர் என்ற பெண்ணை மணந்தார். இஸபெல்லின் தந்தை, ஸ்ட்ராங்போ என்று அழைக்கப்பட்ட நார்மன் பிரபு. தாய் ஈஃபா, லென்ஸ்டர் நாட்டு ஐரிஷ் மன்னரின் மகள். அதனால் திருமணத்தோடு சேர்ந்து லென்ஸ்டர் பகுதி முழுவதும் மார்ஷலின் கைக்கு வந்தது.

நிலம் நிறைய இருந்தது. கம்பளியும் தோலும் தானியமும் விளைந்தன. ஆனால் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப மார்ஷலுக்கென்று நல்ல துறைமுகம் இல்லை. பக்கத்திலிருந்த பெரிய துறைமுகமான வாட்டர்ஃபோர்டு அரசருடைய ஊர். அங்கே போனால் வரி அரசருக்குப் போய்விடும்.

மார்ஷலின் கணக்கு எளிமையானது. நோர் என்ற இன்னொரு நதி பாரோவோடு கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு ஊரை அமைத்தால் இரண்டு நதிகளின் சரக்கும் அதன் வாசலுக்கே வந்து சேரும். அங்கே பாரோவின் மேல் ஒரு பாலமும் கட்டினார். பழைய ஆவணங்களில் இந்த ஊருக்கு "புதிய பாலத்தின் ஊர்" என்றே பெயர். கடலிலிருந்து நதிக்குள் நுழையும் கப்பல்களுக்கு வழிகாட்ட, ஹூக் முனையில் ஒரு கலங்கரை விளக்கத்தையும் எழுப்பினார். 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்தக் கோபுரம் 800 ஆண்டுகளுக்குப் பிறகு இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. உலகில் இயங்கிவரும் மிகப் பழைய கலங்கரை விளக்கங்களில் அதுவும் ஒன்று.

வாட்டர்ஃபோர்டு சும்மா இருக்குமா? வளைகுடாவுக்குள் வரும் கப்பல்கள் எல்லாம் தன்னிடம்தான் சரக்கு இறக்க வேண்டும் என்று அரசரிடம் முறையிட்டு ஆணை வாங்கியது. நியூ ராஸ் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தது. இந்தச் சண்டை பல தலைமுறைகளுக்கு நீடித்தது. 1275ல் கம்பளிக்கும் தோலுக்கும் புதிய ஏற்றுமதிச் சுங்கம் வந்தபோது, அயர்லாந்தில் அதிக வசூல் தந்த துறைமுகங்களின் முன்வரிசையில் நியூ ராஸ் நின்றது.

சுவர் கட்டிய கடைக்காரர்கள்

ஊரில் பணம் சேர்ந்தால் பயமும் சேரும். 1265ல் சுற்றுவட்டாரத்துப் பெரிய பிரபுக்கள் ஒருவரோடு ஒருவர் போரில் இறங்கினார்கள். நியூ ராஸுக்கோ மதில் இல்லை. கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தும் வேலை நகரவில்லை. கடைசியில் ஊர் மக்களே மண் வெட்ட இறங்கினார்கள்.

அந்தக் காலத்தில் நார்மன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட ஒரு பாடல் இந்த நிகழ்ச்சியை விவரிக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் ஒரு கையெழுத்துப் பிரதியில் அது பிழைத்திருக்கிறது. ஒவ்வொரு தொழில்காரர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் முறை. திங்கட்கிழமை திராட்சை மது வியாபாரிகளும் துணி வியாபாரிகளும். பிறகு தையல்காரர்கள் முதலான மற்றவர்கள். கொடி பிடித்து, குழல் ஊதிக்கொண்டு போய் அகழி வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்களின் முறை. கல் சுமந்தார்கள். வாசல்களில் ஒன்றுக்குப் பெண்களின் பெயர் வைக்கவேண்டும் என்றும் முடிவானதாம்.

அரசர் கட்டிய கோட்டைகளைப் பற்றி நிறையப் படித்திருப்போம். கடைவீதிக்காரர்கள் தாங்களே கட்டிய மதிலைப் பற்றி இவ்வளவு விவரமாக ஒரு பதிவு கிடைப்பது அபூர்வம்.

பாலம் யாருடையதோ...

வியாபாரிகளுக்கு வசதியான இடம் படைகளுக்கும் வசதியான இடம். 1649 அக்டோபரில் கிராம்வெல்லின் படை வந்து பீரங்கியைத் திருப்பியதும் நகரம் சரணடைந்தது. நதியைக் கடக்கப் படகுகளை வரிசையாகக் கட்டி ஒரு மிதக்கும் பாலத்தை அமைத்தார் அவர்.

அதைவிடக் கொடுமையான நாள் 1798 ஜூன் 5. ஆங்கில ஆட்சிக்கு எதிராக வெக்ஸ்ஃபோர்டு மாவட்டமே கிளர்ந்தெழுந்திருந்த நேரம். கிளர்ச்சி மேற்கே பரவ வேண்டுமானால் பாரோவைக் கடக்க வேண்டும். அதற்கு நியூ ராஸ் வேண்டும். பெரும்பாலும் ஈட்டி ஏந்திய சுமார் பத்தாயிரம் பேர், சுமார் இரண்டாயிரம் படைவீரர்கள் காத்துநின்ற ஊர்மீது பாய்ந்தார்கள். "மூன்று குண்டு வாசல்" என்று அழைக்கப்படும் நுழைவாயில் வழியாக உள்ளே புகுந்து, ஊரின் பெரும்பகுதியைப் பிடித்தும் விட்டார்கள். ஆனால் படை திரும்பி வந்து தாக்கியது. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிளர்ச்சியாளர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. பலர் சண்டை முடிந்த பிறகு கொல்லப்பட்டவர்கள்.

அதே நாளில் சில மைல் தூரத்தில் ஸ்கல்லபோக் என்ற இடத்தில், கிளர்ச்சியாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகளைக் கொன்றார்கள். பெரும்பாலானவர்களை ஒரு களஞ்சியத்தில் அடைத்துத் தீ வைத்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அதிகம் பேர் புராட்டஸ்டன்டுகள், சிலர் கத்தோலிக்கர்கள். நியூ ராஸின் வீரக் கதையைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

மரம் வந்த வழியில் மனிதர்கள்

இப்போது டன்பிராடிக்கு வருவோம்.

நெப்போலியன் போர்களின்போது பால்டிக் கடல் பக்கமிருந்து பிரிட்டனுக்கு மரம் வருவது தடைப்பட்டது. அதனால் கனடா மரத்துக்கு வரிச் சலுகை கொடுத்தார்கள். நியூ ராஸ் வணிகர்களும் இந்த வியாபாரத்தில் இறங்கினார்கள். கியூபெக்கிலிருந்து கப்பல் நிறைய மரம் வந்தது. ஆனால் திரும்பிப் போகும்போது எதை ஏற்றுவது? கனடாவுக்கு அனுப்ப அவ்வளவு சரக்கு அயர்லாந்தில் இல்லை. காலிக் கப்பல் கடலில் நிலையாக நிற்காது. கல்லையோ மண்ணையோ பாரத்துக்காக ஏற்றினால் அதற்கும் செலவு.

விடை மனிதர்கள்! மரம் அடுக்கும் இடத்தில் பலகைகளை அடித்து அடுக்குப் படுக்கைகள் செய்தால் போதும். ஒரு படுக்கை சுமார் ஆறடிக்கு ஆறடி. அதில் ஒரு குடும்பமே படுத்துக்கொள்ள வேண்டும். கியூபெக்கில் ஆட்கள் இறங்கியதும் பலகைகளைப் பிரித்துவிட்டு மறுபடியும் மரம் ஏற்றலாம். இந்தக் கணக்கினால்தான் கனடாவுக்கான கட்டணம் நியூயார்க்குக்கான கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தது.

டன்பிராடி கட்டப்பட்ட அதே 1845ல்தான் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் நோய் தாக்கியது. ஏழைகளின் ஒரே உணவு அழுகிப்போனது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். குறைந்தது பத்து லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 82 லட்சத்தை நெருங்கியிருந்த மக்கள்தொகை 1851ல் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது. இந்தப் பஞ்சத்தின் நடுவிலும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

1847தான் மிக மோசமான ஆண்டு. கியூபெக்கை நெருங்கும் கப்பல்களை நிறுத்தி நோயாளிகளைப் பிரிக்கும் குரோஸ் தீவில் அந்த ஒரே ஆண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட கப்பல்களுக்கு "சவப்பெட்டிக் கப்பல்" என்றே பெயர் விழுந்தது.

டன்பிராடியும் அந்த ஆண்டு முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனது. ஆனால் அதில் இறந்தவர்கள் குறைவு. கப்பல் தலைவர் பயணிகளைக் கவனித்துக்கொண்டதற்காக அவர்கள் நன்றி தெரிவித்து எழுதிய கடிதங்கள் உண்டு. அதே கடல், அதே பசி, அதே அளவு படுக்கை. கப்பலை நடத்துகிறவர் மனது வைத்தால் எத்தனை உயிர் பிழைக்கும் என்பதற்கு டன்பிராடி ஒரு சாட்சி. அப்படியென்றால் மற்றக் கப்பல்களில் நடந்ததை வெறும் விதி என்று சொல்லிவிட முடியுமா?

திரும்பி வந்த கொள்ளுப்பேரன்

நியூ ராஸுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் டன்கன்ஸ்டவுன் என்ற சிற்றூர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த பாட்ரிக் கென்னடி என்ற இளைஞர் பஞ்ச காலத்தில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். பாஸ்டனில் பீப்பாய் செய்யும் தொழிலாளியாக வேலை பார்த்தார். 1858 நவம்பர் 22 அன்று இறந்தார்.

அவருடைய கொள்ளுப்பேரன் ஜான் எஃப். கென்னடி, 1963 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் ஜனாதிபதியாக நியூ ராஸ் நதிக்கரைக்கு வந்து பேசினார். தன் முன்னோர் இங்கிருந்து போகாமல் இருந்திருந்தால், தான் இன்று எதிர்க்கரையில் இருக்கும் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருப்பேன் என்று வேடிக்கையாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அதே ஆண்டு நவம்பர் 22 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கொள்ளுத்தாத்தா இறந்த அதே தேதி!

இன்றைய நியூ ராஸ்

இன்று போனால் என்னென்ன பார்க்கலாம்? மார்ஷல் காலத்தில் கட்டத் தொடங்கிய புனித மேரி ஆலயத்தின் சிதைந்த சுவர்கள், மதிலின் மிச்சங்கள், நதிக்கரையில் கென்னடியின் சிலை. அவர் வருகையின் 50ஆம் ஆண்டான 2013ல், ஆர்லிங்டனில் அவருடைய கல்லறையில் எரியும் சுடரிலிருந்து கொண்டுவரப்பட்ட தீ இந்தக் கரையில் ஏற்றப்பட்டது. புலம்பெயர்ந்தவர்கள் நினைவாக அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2020 ஜனவரியில் ஊருக்குத் தெற்கே 887 மீட்டர் நீளத்தில் ஒரு புதிய பாலம் திறக்கப்பட்டது. அதற்குக் கென்னடியின் தாயார் ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு கென்னடியின் பெயர். பாலத்தால் பிறந்த ஊரின் நெரிசலை இன்னொரு பாலம்தான் குறைத்திருக்கிறது.

கம்பளியும் தோலும் போனது, மரம் வந்தது, மனிதர்கள் போனார்கள். எதை ஏற்றினாலும் கப்பல் காலியாகத் திரும்பக்கூடாது என்பதுதான் வியாபாரத்தின் விதி. அந்த விதிக்கு மரமும் மனிதனும் ஒன்றுதான். ஆனால் மரம் திரும்பி வருவதில்லை. மனிதர்களின் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். டன்பிராடியின் அடித்தட்டில் இறங்கி, அந்த ஆறடிப் படுக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தங்கள் குடும்பப் பெயரைத் தேடுகிறார்கள்.