சூழல், சமூக அறிக்கையிடலும் நிறுவன இலாபமும்

நிறுவனமொன்று இலாப நட்டக் கணக்கோடு, தான் எடுத்த நீர், வெளியேற்றிய கழிவு, ஊழியர் நலன், அயலவருக்கு நேர்ந்த பாதிப்பு ஆகியவற்றையும் பகிரங்கப்படுத்துவது சூழல், சமூக அறிக்கையிடல் எனப்படும். இதற்கான முதலாவது உலகளாவிய வழிகாட்டி 2000 இல் வெளியானது. இலங்கையின் பெரிய கம்பனிகள் பின்னர் தாமாகவே இதனைக் கைக்கொண்டன.

இலங்கையின் வடக்கில் இவ்விடயத்துக்கு மிக நெருக்கமான நிகழ்வு யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தில் நடந்தது. கொக்குவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கோண்டாவில், இணுவில், மருதனார்மடம் தாண்டி வரும் ஊர் அது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. வலிகாமத்துச் சுண்ணக்கல் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே கொக்குவில் வளவுக் கிணற்றுக்கும் சுன்னாகம் தோட்டக் கிணற்றுக்கும் ஊற்று. அந்தக் கல்லுக்குள் இறங்கிய எண்ணெய் எப்பக்கம் போகும் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. நொதேர்ன் பவர் நிறுவனம் இலங்கை மின்சார சபைக்கு விற்பதற்காக அங்கே அனல் மின்நிலையம் நடத்திய காலத்தில், சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் படர்ந்தது. வாளியில் அள்ளிய தண்ணீரே மணத்தது. குடிநீர் பவுசரில் வந்தது. அதே வளாகத்தின் பழைய மின்நிலையக் கழிவும் காரணம் என்ற கருத்து உண்டு. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவின் முடிவும் ஏனைய நீர்ப் பரிசோதனைகளோடு ஒத்துப்போகவில்லை. கலாநிதி ரவீந்திர காரியவசம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவேற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நிறுவனம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4 அன்று பணித்தது. கிணற்றுக்காரர் அதுவரை சுமந்த செலவில் ஒரு பங்கையாவது இத்தீர்ப்பு நிறுவனத்தின் கணக்கில் ஏற்றியது.

அறிக்கையிடல் இலாபத்தைக் கூட்டுமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ஏறத்தாழ 2,200 ஆய்வுகளைத் தொகுத்த 2015 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவானவை சூழல், சமூகப் பொறுப்புக்கும் நிதிப் பெறுபேற்றுக்கும் பாதகமான தொடர்பைக் காணவில்லை என்கிறது. ஆனால் பொறுப்பாக நடப்பது வேறு, அதைப்பற்றி அறிக்கை எழுதுவது வேறு. இலாபமுள்ள கம்பனிகளுக்கே விரிவாக எழுத வசதியுண்டு என்ற மறுவிளக்கமும் வலுவானதே.

முதற்கட்டமாக 2025 ஜனவரி முதல், கொழும்புப் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பனிகளுக்குப் புதிய நிலைபேறு அறிக்கை நியமங்கள் நடைமுறைக்கு வந்தன. இவை முதலீட்டாளரை நோக்கியவை. கம்பனியின் நிதிநிலையைத் தொடும் விடயங்களையே முதன்மையாகக் கேட்கின்றன. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்கள் இம்முதற்கட்டத்தில் அடங்கா.