சான் மார்கோஸ் ஆறு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவே சான் மார்கோஸ் என்றொரு கல்லூரி நகரம் இருக்கிறது. அந்த ஊருக்குள்ளேயே ஊற்றெடுத்து ஊரின் பெயரையே தாங்கி ஓடும் சிற்றாறு இது. நீளம் சுமார் 120 கி.மீ. தென்கிழக்காகச் சென்று கொன்சாலஸ் நகருக்கு அருகே குவாடலூப் ஆற்றில் கலக்கிறது. குவாடலூப் மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. ஊற்றுகள் சராசரியாக வினாடிக்கு 170 கன அடிக்குச் சற்று மேல் நீர் தருகின்றன. மேட்டூரில் பாசனத்துக்குத் திறந்துவிடும் நீரோடு ஒப்பிட்டால் இது ஒரு கிளை வாய்க்காலுக்குத்தான் காணும். ஆனால் மனிதர்களின் நினைவிலும் ஏட்டிலும் இந்த ஊற்று வற்றியதாக ஒரு செய்தி இல்லை. கோடையிலும் குளிரிலும் நீரின் வெப்பநிலை 22 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. இந்த ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டிய பெரும்பாலான விஷயங்கள் இந்த மாறாத தன்மையிலிருந்து கிளைப்பவை.

கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பிடிப்பு

ஆற்றின் தலைப்பகுதி கடல்மட்டத்திலிருந்து சுமார் 175 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே சுண்ணாம்புக் குன்றுகள், கிழக்கே கரிசல் சமவெளி. இரண்டுக்கும் இடையே பால்கோனிஸ் பிளவு என்னும் நிலப்பிளவு வரிசை ஓடுகிறது. ஊற்று பிறப்பது இந்தப் பிளவின் விளிம்பில்.

ஊற்றுக்கு மேலே சிங்க் ஓடை என்று ஒரு சிறு ஓடை உண்டு. பெரும்பாலான நாட்களில் அது காய்ந்தே கிடக்கும். ஆற்றுக்கு நீர் தருவது நிலத்துக்கு அடியில் 250 கி.மீ.க்கும் மேல் நீண்டு கிடக்கும் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கம். கிரெட்டேசியக் காலத்துச் சுண்ணாம்புப் பாறை, மழைநீரால் அரிக்கப்பட்டு, குகையும் பொந்துமாகத் தேன்கூடு போல் ஆகியிருக்கிறது. மேற்கே பல ஆறுகள் இந்தப் பாறை வெளியே தலைகாட்டும் இடத்தைக் கடக்கையில் தங்கள் நீரில் பெரும்பங்கைப் படுகையின் வெடிப்புகளுக்குள் இழந்துவிடுகின்றன. அந்த நீர் களிப்பாறை மூடிக்குக் கீழே அழுத்தத்தோடு கிழக்கும் வடகிழக்குமாக நகர்ந்து, பிளவில் வழி கிடைத்த இடத்தில் பீறிடுகிறது. நெய்வேலிப் பக்கம் மோட்டார் இல்லாமலேயே பொங்கிய ஆழ்துளைக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இங்கே இயற்கையே துளை போட்டிருக்கிறது. ஒன்றல்ல, இருநூறுக்கும் மேல்.

இந்தத் துளைகள் எல்லாம் இப்போது ஓர் ஏரிக்கு அடியில் இருக்கின்றன. டெக்சஸ் தனிக்குடியரசாக இருந்தபோது அதன் துணைத் தலைவராக இருந்த எட்வர்ட் பர்லசன் 1849-இல் மாவு அரைக்கும் ஆலைக்காக ஊற்றுகளுக்குக் கீழே அணை கட்டினார். அதனால் தேங்கியது ஸ்பிரிங் ஏரி. நீர் கண்ணாடி போல் தெளிந்திருப்பதால் படகிலிருந்தே அடித்தளத்தைப் பார்க்கலாம். பாறை வெடிப்பிலிருந்து வரும் ஊற்றுகளைவிட மணலுக்குள்ளிருந்து வருபவைதான் வேடிக்கை: அடுப்பில் கொதிக்கும் கஞ்சி போல வெண்மணல் எழும்பி, உருண்டு, அடங்கி, மறுபடி எழும்புகிறது. அப்படி ஓர் ஊற்றுக்கு ‘கிரீம் ஆஃப் வீட்’ என்றே பெயர். அது அங்கே காலை உணவாகக் குடிக்கும் கோதுமைக் கஞ்சியின் பெயர். நம் ஊராக இருந்தால் ‘ரவைக் கஞ்சி ஊற்று’ என்றிருப்போம்.

அணையைத் தாண்டியதும் ஆறு நகரப் பூங்காக்கள் வழியாகச் சில கிலோமீட்டர் ஓடுகிறது. பிறகு பிளாங்கோ ஆறு வந்து சேர்கிறது. அதோடு ஆற்றின் குணம் மாறிவிடுகிறது. பிளாங்கோ மழையை நம்பிய ஆறு; வறண்டால் வெறும் கல், பெருகினால் பேய். 2015 மே மாத வெள்ளத்தில் அதன் கரையோர வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. சங்கமத்துக்குக் கீழே சான் மார்கோஸ் கலங்கலாய், மண் கரைகளுக்கு இடையே, மார்ட்டின்டேல், லூலிங் வழியாகப் போகும் சாதாரண டெக்சஸ் ஆறு. ஆட்டீன் என்னும் சிற்றூருக்கு அருகே குட்டைப் பனைகள் அடர்ந்த சதுப்புநிலம் ஒன்று வருகிறது. அதற்காகவே அங்குள்ள மாநிலப் பூங்காவுக்குப் பால்மெட்டோ என்று பெயர். மற்றபடி இயற்கையியலாளர்கள் தேடி வருவது மேலே உள்ள அந்தச் சில கிலோமீட்டரைத்தான்.

ஆற்று நெல்

அந்தச் சில கிலோமீட்டரைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வளராத புல் ஒன்று உண்டு: டெக்சஸ் காட்டு நெல். தாவரவியல் பெயர் சிசேனியா டெக்சானா. நம் நெல்லின் உறவுக் குடும்பம்தான். வட அமெரிக்காவின் ஏரிகளில் விளைந்து கடைக்கு வரும் கறுப்புக் காட்டரிசிக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை முளைத்துச் சாகும்; இது பல்லாண்டுச் செடி. இலைகள் நாடா போல ஒன்றிரண்டு மீட்டர் நீண்டு, நீரோட்டத்தின் போக்கில் பச்சைக் கூந்தலாய் நீருக்குள்ளேயே அலைகின்றன. பூக்கும்போது மட்டும் தண்டு நீருக்கு வெளியே தலை நீட்டும். ஓடும் நீர் வேண்டும், தெளிவு வேண்டும், ஊற்றுநீரில் கரைந்து வரும் கரியமில வாயு வேண்டும். தேங்கிய நீரில் சோர்ந்துபோகும்.

1892-இல் இதை முதலில் சேகரித்தவர்கள் வேறொரு இனம் என்று எண்ணிக்கொண்டார்கள். ஹிட்ச்காக் என்னும் புல்லியல் அறிஞர் 1933-இல் தனி இனமாக விவரித்தார். அந்தக் காலத்தில் வாய்க்காலை அடைக்கும் களையாக இதை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். 1960-களில் தேடிப் பார்த்தபோது சொற்பமே மிஞ்சியிருந்தது. 1978-இல் அருகிவரும் இனங்களின் கூட்டரசுப் பட்டியலில் இடம்பெற்றது.

இப்போது அது மீண்டு வரும் விதம் தமிழ் விவசாயிக்குச் சட்டென்று புரியும். விதை எடுத்து, நாற்றங்காலில் முளைக்கவைத்து, நாற்றைப் பறித்து நடுகிறார்கள். நடுபவர் மூச்சுக்குழல் மாட்டிக்கொண்டு நீருக்கடியில் மூழ்குகிறார் என்பதுதான் வேறுபாடு. நட்டதற்கு எதிரி ஆடுமாடு இல்லை. டயர் டியூபில் மிதந்து வரும் கோடை விடுமுறைக் கூட்டம். நீர் குறைந்த நாளில் அவர்கள் கால் பட்டே பூந்தண்டுகள் முறிந்துவிடும். ஆகவே நெல் அடர்ந்த திட்டுகளுக்குள் ஆளிறங்கக் கட்டுப்பாடு இருக்கிறது.

கண்ணில்லாதவை, கையளவுகூட இல்லாதவை

1895-இல் ஊரில் இருந்த அரசு மீன்குஞ்சுப் பண்ணைக்காக ஒரு பொங்கு கிணறு தோண்டினார்கள். சுமார் 58 மீட்டர் ஆழத்தில் நீர் பீறிட்டது. நீரோடு சேர்ந்து யாரும் அதுவரை பார்த்திராத பிராணிகளும் வந்து விழுந்தன: வெளிறிய இறால்கள், நத்தைகள், கூடவே விரல்நீள வெள்ளைப் பிராணி ஒன்று. பல்லி உருவம், தவளையின் உறவு. சாலமாண்டர் எனப்படும் நீர்நில வாழ்வி. தோல் கண்ணாடித்தாள் போல. உள்ளே குடல் நிழலாடும். கழுத்தின் இருபுறமும் சிவந்த செவுள் குஞ்சங்கள். கால்கள் ஈர்க்குச்சி போல மெலிந்தவை. கண் இருக்கவேண்டிய இடத்தில் தோலுக்கடியில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் மட்டும். நிலத்தடி நீரின் இருட்டிலேயே பிறந்து முடியும் உயிருக்குக் கண் எதற்கு? 1896-இல் ஸ்டெய்னெகர் என்னும் விலங்கியல் அறிஞர் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். டெக்சஸ் குருட்டுச் சாலமாண்டர் என்று பெயர். 1967-இல் அமெரிக்கா வெளியிட்ட முதல் அருகிவரும் இனப் பட்டியலிலேயே இது இருந்தது.

அதன் தங்கை என்று சொல்லத்தக்க சான் மார்கோஸ் சாலமாண்டருக்குக் கண் உண்டு. ஸ்பிரிங் ஏரியின் ஊற்றுவாய்களிலும் அணையை ஒட்டிய கற்களுக்கு இடையிலும் பாசியில் ஒளிந்து வாழும் பழுப்புநிறக் குட்டி. ஐந்தாறு சென்டிமீட்டரைத் தாண்டாது. வளர்ந்தாலும் செவுளை உதிர்க்காமல் ஆயுள் முழுக்க நீரிலேயே இருக்கும்.

மீன்களில் புகழ் பெற்றது ஃபவுண்டன் டார்ட்டர். பெயரில் இருக்கும் பெருமை உடலில் இல்லை. இரண்டரை சென்டிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். நடுநீரில் நீந்தாமல் அடியில் செடிகளுக்கிடையே தாவித் தாவி அமரும். நீர் ஆண்டு முழுக்க ஒரே வெப்பத்தில் இருப்பதால் ஆண்டு முழுக்க முட்டையிடுகிறது. பக்கத்துக் கோமல் ஊற்றிலும் இது இருந்தது. 1950-களின் பெருவறட்சியில் 1956-இல் கோமல் சில மாதங்கள் அடியோடு நின்றுபோனது; அங்கே டார்ட்டர் அழிந்தது. 1970-களில் சான் மார்கோஸிலிருந்து பிடித்துக் கொண்டுபோய்த்தான் மறுபடி விட்டார்கள். அதே 1956-இல் சான் மார்கோஸின் ஓட்டமும் வினாடிக்கு 46 கன அடிக்கு இறங்கியிருந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

சான் மார்கோஸ் கம்பூசியா தப்பவில்லை. கொசுப்புழு தின்னக் கிணறுகளில் நம் நகராட்சிகள் விடுகிற கம்பூசியாவின் இனம். இந்த ஆற்றுக்கே உரியது. ஆற்றில் கடைசியாகப் பார்த்தது 1983-இல். அற்றுப்போய்விட்டது என்று அமெரிக்க அரசு 2023-இல் அறிவித்தது. வாழிடம் கெட்டதோடு, அருகிலிருந்த பொதுக் கம்பூசியாவோடு கலந்து தன் அடையாளத்தை இழந்ததும் ஒரு காரணம்.

இவை போக, டெக்சஸின் மாநில மீனான குவாடலூப் பாஸ், வெயில் காயும் ஆமைகள், நாரைகள், மீன்கொத்திகள், கரையில் சைப்ரஸ் மரங்கள் என்று வழக்கமான ஆற்றுக் கூட்டம் உண்டு.

வந்தேறிகள்

இந்த ஆற்றங்கரையில் தமிழர் யாரும் நின்றால் முதலில் கண்ணில் படுவது சேம்பு. ஆம், நம் வாய்க்கால் ஓரத்துச் சேம்பிலைதான். உருளைக்கிழங்குக்கு மாற்றாகத் தென் மாநிலங்களில் பயிரிடலாம் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறையே ஊக்குவித்த செடி. யாரும் கிழங்கைத் தோண்டித் தின்னவில்லை. செடி கரையை நிறைத்துக்கொண்டது.

பட்டியல் அதோடு நிற்கவில்லை. ஹைட்ரில்லா ஆசியாவிலிருந்து வந்தது. நீர்முள்ளியின் இனத்தைச் சேர்ந்த இன்னொரு இந்தியச் செடியும் படுகையை மூடியிருக்கிறது. ஆகாயத்தாமரையும் உண்டு. 1993-இல் கண்ணில் பட்ட ஒரு கிரிப்டோகோரைன் செடி இலங்கையைத் தவிர வேறெங்கும் இயல்பாக வளராதது. மீன்தொட்டிக்காக உலகம் சுற்றி, எவரோ தொட்டியைக் கவிழ்த்த இடத்தில் வேர்விட்டுவிட்டது. அதைப் பிடுங்கி ஒழிக்கப் பெரும்பாடு பட்டார்கள். நம் மீன்வளர்ப்புக் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் தென்னமெரிக்க மீனும் இங்கே கரையைக் குடைந்து பெருகிக் கிடக்கிறது; முக்குளிப்பவர்கள் ஈட்டி கொண்டு குத்தி எடுக்கிறார்கள். ஆசிய, ஆப்பிரிக்க நத்தை ஒன்று கூடவே கொண்டுவந்த ஒட்டுண்ணிப் புழு, டார்ட்டரின் செவுளைத் தாக்குகிறது.

டெக்சஸின் குளிரில் இவற்றில் பலவும் உறைந்து செத்திருக்கவேண்டியவை. 22 பாகையிலேயே நிற்கும் நீர் காப்பாற்றிவிடுகிறது. எந்த இயல்பு டார்ட்டரையும் காட்டு நெல்லையும் வேறெங்கும் இல்லாதவையாக ஆக்கியதோ, அதே இயல்புதான் வெப்பநாட்டுச் செடிகளுக்கும் நடை திறந்து வைத்திருக்கிறது.

மனிதர்கள்

ஊற்றைச் சுற்றி ஏறத்தாழ 12,000 ஆண்டுகளாக மனிதர் நடமாடியதற்குத் தடயம் உண்டு. ஏரிக்கு அடியிலேயே முக்குளித்து அகழாய்வு செய்திருக்கிறார்கள். கோஹுவில்டெக்கன் பழங்குடியினர் தங்கள் முன்னோர் உலகுக்கு வெளிப்பட்ட இடம் இதுவே என்கிறார்கள்.

20-ஆம் நூற்றாண்டு இதைக் கேளிக்கை இடமாக்கியது. ரோஜர்ஸ் குடும்பம் நடத்திய அக்வரினா ஸ்பிரிங்ஸ் பூங்காவில் கண்ணாடி அடித்தளப் படகுகள், நீருக்குள் அமிழும் நாடக அரங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக ரால்ஃப் என்ற நீச்சல் பன்றி. புனித ஊற்றில் பன்றி குதிப்பதைப் பார்க்கக் காசு கொடுத்துக் கூட்டம் கூடியது. 1994-இல் ஊரிலிருக்கும் பல்கலைக்கழகம் இடத்தை வாங்கியது. பன்றி போய்விட்டது, கண்ணாடிப் படகு இன்றும் ஓடுகிறது.

ஆனால் ஆற்றின் தலைவிதியைத் தீர்மானிப்பது கரையில் இருப்பவர்கள் அல்லர். பல மைல் தள்ளி மோட்டார் போடுபவர்கள். டெக்சஸ் நீதிமன்றம் 1904-இல் அளித்த தீர்ப்பின்படி நிலத்துக்காரர் தன் நிலத்தடியில் எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம் என்றிருந்தது. சான் அன்டோனியோ மாநகரம் பல்லாண்டுகளாகக் குடித்ததும் இதே எட்வர்ட்ஸ் நீர்தான். ஊற்றைக் காக்கச் சட்டம் எதுவும் இல்லாதபோது கைகொடுத்தவை, பட்டியலில் இருந்த இந்தச் சின்ன உயிர்கள். சியரா கிளப் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு 1991-இல் அருகிவரும் இனச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. 1993-இல் நீதிபதி லூசியஸ் பன்டன் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் எட்வர்ட்ஸ் நீர்த்தேக்க ஆணையத்தை உருவாக்கியது. இறைப்புக்கு இப்போது ஆண்டு உச்சவரம்பு 5,72,000 ஏக்கர்-அடி, நம் கணக்கில் சுமார் 25 டி.எம்.சி. வறட்சி முற்ற முற்ற அதுவும் படிப்படியாகக் குறைக்கப்படும். 2022, 2023 கோடைகளில் ஊற்று வினாடிக்கு 100 கன அடிக்குக் கீழே போனது.

1895-இல் தோண்டிய கிணறு இன்னும் பொங்குகிறது. இப்போது பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் அதன் வாயில் ஆய்வாளர்கள் வலை கட்டி வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது வலையைத் தூக்கிப் பார்த்தால் வெளிறிய இறால்களுக்கு நடுவே கண்ணில்லாத ஒரு சாலமாண்டர் கிடக்கும்.